பூத்த சேதி

“ஷிமுல் பூத்தாச்சு. நாளைக் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வா.”

1985 பிப்ரவரிக் கடைசியில், தெற்குக் கல்கத்தாவின் டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடிப்படியில் நின்று மாஷிமா இப்படிச் சொன்னார். மாஷிமா என்றால் சித்தி. வங்காளத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, ஒரு சிவந்த பூவோடு திரும்பியிருந்தார். நம்மூர் முள்ளிலவுதான் அங்கே ஷிமுல். பூவை என் உள்ளங்கையில் வைத்தார். மெழுகு பூசியதுபோல ஐந்து தடித்த இதழ்கள், நடுவே கொத்துக் கொத்தாக மகரந்தத் தாள்கள், அடியில் தேன் ஈரம். அந்த ஈரத்தில் இரண்டு கட்டெறும்புகள் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்து வளர்ந்த எனக்கு, இலவம்பூ இவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று பூப் பார்க்கப் போக ஏற்பாடு என்றால் அவ்வளவுதான். ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொல்வார், மறுநாள் தெருவே போகும். பிளாஸ்கில் சாய், காகிதப் பையில் முடி என்கிற பொரி, குழந்தைகளுக்கு ஒரு பந்து. செலவு ஒன்றும் பெரிதில்லை. நாள் குறித்தது மரம், சேதி கொண்டுவந்தது மாஷிமா.

சென்ற ஜனவரியில் சென்னையிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். “மாமா, உங்க ஏரியில பிங்க் பூ எப்போ பூக்கும்? தேதி சொன்னா டிக்கெட் போட்டுடுவேன்.” அவள் கேட்டதில் தவறில்லை. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்கிவிடுகிறது. அலுவலகத்தில் லீவு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். மரம் மட்டும் யாரிடமும் எழுதித் தருவதில்லை. நாற்பது வருஷம் இந்த ஏரியைச் சுற்றி நடந்த எனக்கு அவளிடம் ஒரு தேதி சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூச்சம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

டாக்குரியா ஏரி இயற்கையாக உண்டானதல்ல. சதுப்பும் புதருமாகக் கிடந்த 192 ஏக்கர் நிலத்தை 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் கையகப்படுத்தி, அதில் 73 ஏக்கருக்கு ஏரி வெட்டியது. வெட்டிய மண் சுற்றுப்புறத்தை மேடாக்கியது, தெற்குக் கல்கத்தா வீடும் வீதியுமாக எழுந்தது. நடுத் தீவில் இருக்கும் பழைய மசூதிக்குப் போக 1926இல் தொங்குபாலம் கட்டினார்கள். கரை நெடுக மரம் வைத்தார்கள். 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறியது. பழையவர்கள் வாயில் இன்றும் அது வெறும் ‘லேக்’. இந்த ஊரின் வசந்தப் பயணத்துக்கு நூறு வருஷம் முன்பே திட்டம் போட்டவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். நாம் போடுவது டிக்கெட் மட்டும்.

ஏரிக்குப் பக்கத்து லேக் மார்க்கெட் தமிழர்களின் பேட்டை. வாழை இலை, மல்லிகைச் சரம், காபிப்பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். மாசி பிறந்தால் அங்கே ‘சஜ்னே ஃபுல்’ வரும். நம் முருங்கைப்பூதான். தரையில் சாக்கு விரித்து, வெள்ளைக் குவியலாகக் கொட்டி, நூறு கிராம் இருநூறு கிராமாக நிறுத்துத் தருவார்கள். கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் அது ஒரு பண்டம். கூடவே வேப்பங்கொழுந்தும் கத்தரிக்காயும் வதக்கிய ‘நிம்-பெகுன்’. சந்தைக்காரியின் தராசில் முருங்கைப்பூ ஏறினால், ஏரிக்கரையில் ஷிமுல் சிவந்திருக்கும். சமையல்கட்டும் ஒரு பஞ்சாங்கமாக இருந்தது. இன்று பழைய சந்தை இருந்த இடத்தில் மால் நிற்கிறது. அதன் ஓரத்து நடைபாதையில் பூவும் கீரையும் இன்னும் விற்கிறார்கள். நான் அங்கேதான் வாங்குகிறேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் என்னைத் தடுமாற வைத்தது. வங்காளிகளுக்கு ஃபால்குனும் சைத்ரமும் வசந்தம். அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. நமக்கோ சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். அவர்களுடைய வசந்தம் முடியும் நாளில் நம்முடையது பிறக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவனுக்கு டாக்குரியாவில் வசந்தம் நான்கு மாதம். முதல் இரண்டு மாதம் பலாஷ் என்கிற நம் புரசு, ஷிமுல், மந்தாரை. அடுத்த இரண்டு மாதம் கிருஷ்ணசூடா என்கிற நம் மே ஃபிளவர், ஊதா நிறத்து ஜாருல், தங்கச்சரமாகத் தொங்கும் கொன்றை. பங்குனியில் வர முடியாதவர் சித்திரையில் வந்தாலும் வெறுங்கண்ணோடு திரும்ப வேண்டியதில்லை.

இன்று ஏரிக்குக் கூட்டத்தை இழுப்பது வேறொரு மரம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த தபெபுயா. எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரம் அது. இலையெல்லாம் உதிர்ந்தபின் வெற்றுக் கிளை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஜப்பானியச் செர்ரிப்பூவான சகுரா போலவே இருப்பதால் பிள்ளைகள் அதைக் ‘கொல்கத்தாவின் செர்ரி’ என்கிறார்கள். ஒருத்தி காலையில் படம் எடுத்துப் போடுகிறாள், மாலைக்குள் ஆயிரம் பேருக்குத் தெரிந்துவிடுகிறது. போன மார்ச்சில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிமெண்டுப் பலகை பனியில் நனைந்திருந்தது. புனல் வடிவத்துப் பூ ஒன்று வாய் மேலாக விழுந்து அப்படியே நின்றது. தொண்டைப் பகுதியில் மஞ்சள், விளிம்பில் சுருக்கம். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள வந்தவள், அதை மிதிக்காமல் சுற்றிப் போய் நின்றாள். இந்தத் தலைமுறைக்குப் பூவின் மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிஜச் செர்ரியைத் தேடிப் போகிறவர்களும் இந்தத் தெருவில் உண்டு. வசதி உள்ளவர்கள் மார்ச் கடைசியில் டோக்கியோவுக்குப் பறக்கிறார்கள். மற்றவர்கள் ஷில்லாங் போகிறார்கள். அங்கே பூப்பது இமாலயச் செர்ரி. வசந்தத்தில் போனால் பூ இருக்காது, நவம்பரில்தான் பூக்கும். 2016 முதல் அதற்கு விழாவும் எடுக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பருவமும் ஒன்றென்று எண்ணி ஏமாறாதீர்கள்.

ஏரியின் பெயருக்கு உரிய தாகூருக்கே இந்தக் கணக்கு பிசகியது. 1916 மே மாதத் தொடக்கத்தில் கல்கத்தாவில் கப்பலேறி, மாதக் கடைசியில் கோபே துறைமுகத்தில் இறங்கினார். சகுரா உதிர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏரிப் பக்கத்து லேக் ரோட்டில் 1930களில் நிச்சிதாத்சு ஃபுஜீ என்ற துறவியின் முயற்சியில் எழுந்த ஜப்பானியப் புத்தர் கோயில் இருக்கிறது. அந்தியில் அங்கே பறை ஒலிக்கும்போது, ஜப்பானியரிடமிருந்து நாம் இன்னும் ஒன்றை வாங்கிக்கொள்ளவில்லையே என்று நினைப்பேன்.

நான் சொல்வது அவர்கள் மரத்தை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. கியோட்டோவில் செர்ரி எந்த நாளில் முழுசாகப் பூத்தது என்பதற்கு 1,200 ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. அரசவைக்காரர்களும் பிக்குகளும் தங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்தவை. அவற்றையெல்லாம் திரட்டி அடுக்கியவர் யசுயுகி ஆவோனோ என்ற பேராசிரியர். 2021 மார்ச் 26இல் கியோட்டோ பூத்தபோது, இத்தனை நூற்றாண்டில் இதுவே மிக முந்தியது என்று உலகத்துக்குச் சொல்ல முடிந்தது அந்த ஏடுகளால்தான். டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து மரம் ஒன்றில் ஐந்தாறு பூ விரிந்ததும் அதிகாரி வந்து பார்த்து, பருவம் தொடங்கியதென்று அறிவிக்கிறார். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அன்றாட உச்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்து, 600 டிகிரி ஆனதும் பூக்கும் என்று ஒரு கைக்கணக்கும் அங்கே உண்டு. வெயில் ஏற ஏற அந்த நாள் முந்துகிறது.

நம் கணக்கு மாஷிமாவின் நினைவில் இருந்தது. எந்த வருஷம் ஷிமுல் முந்தியது, எந்த வருஷம் மழையில் பலாஷ் கொட்டிப்போனது என்று முப்பது வருஷத்துச் சேதியை அவர் வாய்விட்டுச் சொல்வார். நாங்கள் கேட்டுத் தலையாட்டினோம், ஒருவரும் எழுதவில்லை. அவர் போனபோது அதுவும் போயிற்று. பிறகு 2020 மே 20இல் ஆம்பன் புயல் வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் ஏரிக்குப் போனேன். வேரோடு பெயர்ந்த மரங்கள் பாதையை அடைத்துக் கிடந்தன. எந்த மரம் எங்கே நின்றது, எப்போது பூத்தது என்று சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. புதுக் கன்று நட்டார்கள். ஆனால் நடைபாதைகளில் அடிமரத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்து வேரை மூச்சுத் திணற வைக்கும் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. மரம் நிலைத்தால்தான் பயணத் திட்டம். வேருக்கு இடம் விடச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் கேட்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

போன் வந்த மறுவாரமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். கேரளத்தில் 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற அமைப்பு, ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்து மொட்டு, பூ, காய், தளிர் என்று பதியச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள். அந்த முறையையே எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் ஐந்து மரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கம். வெள்ளிக்கிழமை காலை நடை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தங்கை மகளுக்கு இந்த வருஷம் சரியான தேதி தர முடியவில்லை. மார்ச் நடுவில் ஒரு வாரம் ஒதுக்கு என்றேன். மெட்ரோவில் வந்தால் ரவீந்திர சரோவர், சியால்தா லோக்கலில் வந்தால் டாக்குரியா, வெயில் ஏறுமுன் ஆறு மணிக்கே ஏரியில் இரு என்றும் சொன்னேன். வந்தாள். தபெபுயா பாதிதான் பூத்திருந்தது. அவள் முகம் வாடுமுன் ஷிமுல் அடியில் கூட்டிப்போய், விழுந்து கிடந்த பூவொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கனத்தைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கி, நான்காம் மரத்துப் பக்கத்தில் அன்றைய தேதியைத் தன் கையால் எழுதினாள். “பாதி மரம் பூத்திருக்கிறது.”