வீச்சுப் பண்பேற்ற ஒலிபரப்பும் சென்னையின் தொடக்க முயற்சியும்

சென்னை வானொலியின் வரலாற்றை, அகில இந்திய வானொலி நிலையம் இங்குத் திறக்கப்பட்ட 1938 சூன் 16-இலிருந்து தொடங்குவது பொருந்தாது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே 16-இல் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு சூலை 31-ஆம் நாளிலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அதன் முதற்கருவியின் திறன் 40 வாட் மட்டுமே. பணமுடையால் 1927-இல் கழகம் நின்றது. அதன் பரப்புக்கருவி மாநகராட்சிக்கு வழங்கப்பட்டு, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடைபெற்றது. முடங்கியது நிதியேயன்றித் தொழில்நுட்பமன்று.

அத்தொழில்நுட்பம் எளியது. உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தியலையின் வீச்சு, பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கூட்டிக் குறைக்கப்படுகிறது. ஏற்பியிலுள்ள படிகம் அலையின் ஒரு பாதியை நீக்க, எஞ்சியதன் மேல்விளிம்பே மீண்டும் பேச்சாகிறது. அக்காலப் படிகக் கருவிக்கு மின்கலமும் வேண்டியதில்லை.

இவ்வெளிமைக்கு விலையுண்டு. மின்பொறிகள் எழுப்பும் அலைகள் வீச்சையே கலைப்பதால், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டையில் பற்றவைப்பு நிகழும்போது அருகிலுள்ள வானொலி இரையும். எனினும் சென்னை 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 417 மீட்டர் நீளமுடையது; தரையை ஒட்டிச் செல்வது. உவர்நீரின் மின்கடத்துதிறன் மிகுதியாதலால், நிலத்தைவிடப் பழவேற்காட்டுக் கடற்பரப்பில் அது குறைந்த இழப்புடன் செல்லும்.