அச்சுக்கல்லில் பயின்ற வரைகலை

சுவரொட்டி, புத்தக அட்டை, பணத்தாள், மருந்துப் பெட்டி என்று அன்றாடம் கண்ணில் படும் அச்சுப் பொருள்களில் எழுத்தும் படமும் வண்ணமும் எந்த இடத்தில், எந்த அளவில் அமைய வேண்டும் என்று திட்டமிடும் தொழிலே வரைகலை வடிவமைப்பு எனப்படுகிறது. இத்தொழில் இன்று பெரும்பாலும் கணினித் திரையிலேயே நடைபெற்றாலும், வடிவமைப்புக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் பலகையைச் செதுக்கவும், உருளையால் மையேற்றவும், கையால் அச்செடுக்கவும் இன்றும் பழக்கப்படுகிறார்கள். இந்தப் பழைய கைத்தொழில் இன்றைய மாணவருக்கு எதற்கு என்ற கேள்விக்கு, 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் நிறுவிய பௌஹவுஸ் கலைப்பள்ளியின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

தாளில் நேரடியாக வரையாமல், வேறொரு பரப்பில் உருவத்தை அமைத்து, அதில் மையேற்றித் தாளில் ஒற்றி எடுக்கும் கலைக்கு அச்சோவியம் என்று பெயர். அதில் நான்கு முறைகள் உண்டு. மரச்செதுக்கிலும், லினோலியத்தைச் செதுக்கும் லினோகட்டிலும் மை படக்கூடாத பகுதிகள் உளியால் நீக்கப்பட, எஞ்சி நிற்கும் மேடு மட்டும் அச்சாகிறது. செப்புத்தகட்டு முறையில் ஊசியால் கீறியோ அமிலத்தால் அரித்தோ உண்டாக்கிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்துகிறார்கள். திருமண அழைப்பிதழ்கள் வழியே நம்மவர்கள் நன்கறிந்த ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை துணிவலையினூடாக இறங்குகிறது. மேடும் பள்ளமும் இன்றிச் சமதளத்திலேயே அச்செடுப்பது கல்லச்சு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இந்தக் கல்லச்சு, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையை நம்பி நிற்கிறது. மழமழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் வரைந்து, கருவேலம் பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசலைப் பூசிய பின், கல்லை நீரால் நனைத்து மையுருளையை உருட்டினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கிறது. நனைந்த வெற்றிடம் அதை விலக்கிவிடுகிறது. அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால் எழுத்துகளைக் கல்லில் இடவலம் மாற்றி எழுத வேண்டும். வண்ணம் ஒன்றுக்கு ஒரு கல் தேவை. இரண்டாவது வண்ணம் முதல் வண்ணத்தின் மேல் அணுவளவும் விலகாமல் வந்து அமர வேண்டும்; அச்சகத்தார் இதனை ரிஜிஸ்டர் சேர்தல் என்பார்கள். ஆகவே எத்தனை வண்ணங்கள், எவ்வளவு எழுத்து, எங்கே வெற்றிடம் என்பவற்றையெல்லாம் கல்லைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடும் பழக்கம் மாணவருக்கு இயல்பாக வந்து சேர்கிறது.

பௌஹவுஸின் அறிக்கையே லயோனல் ஃபைனிங்கர் செதுக்கிய தேவாலய மரச்செதுக்கை முகப்பில் தாங்கி வெளிவந்தது. பள்ளியின் அச்சுப் பட்டறைக்குக் கலைப்பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. வசிலி கண்டின்ஸ்கி மரம், செப்புத்தகடு, கல் ஆகிய மூன்று முறைகளிலும் உருவாக்கிய ‘சிறிய உலகங்கள்’ என்னும் 12 அச்சோவியங்கள் 1922இல் இந்தப் பட்டறையில்தான் அச்சாயின. அதே ஆண்டு டிசம்பரில் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கது.

பௌஹவுஸின் மரச்சிற்பப் பட்டறையில் பயின்றவர் யூஸ்ட் ஷ்மிட். 1923இல் பள்ளி நடத்திய பெரிய கண்காட்சிக்கு அவர் அமைத்த சுவரொட்டி கல்லச்சில் உருவானது. கறுப்பும் சிவப்பும் மேலோங்கிய வட்டங்களும் பட்டைகளும் சாய்ந்த அச்சொன்றில் ஏறி நிற்க, நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன மனித முகச் சின்னம் நடுவே அமைய, எழுத்துகளும் அந்தச் சாய்வையே பின்பற்றுகின்றன. தேவையற்ற ஒரு கோடுகூட அதில் இல்லை.

மற்றொரு மாணவரான ஹெர்பெர்ட் பேயருக்கு, ஜெர்மனியின் பணவீக்கம் கட்டுமீறிய அதே 1923இல், துரிங்கியா மாநில வங்கிக்குப் பணத்தாள் வடிவமைக்கும் பணி கிடைத்தது. பத்து லட்சம் மார்க், இருபது லட்சம் மார்க் என மதிப்பிடப்பட்ட அத்தாள்களை விரைந்து அச்சிட வேண்டியிருந்ததால், வழக்கமான பூவேலைப்பாட்டைக் கைவிட்டு, பெரிய எண்களையும் தடித்த பட்டைகளையும் மட்டுமே அவர் கையாண்டார்.

1925இல் பள்ளி டெசாவ் நகருக்கு மாறியபோது அச்சுப் பட்டறை, அச்சும் விளம்பரமும் கற்பிக்கும் பட்டறையாக மாறியது. 1928 வரை பேயரும், அவருக்குப் பின் ஷ்மிட்டும் அதை நடத்தினார்கள். பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் ஜெர்மன் வழக்கை விடுத்துச் சிறிய எழுத்துகளால் மட்டுமே அச்சிட பேயர் முற்பட்டார். ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துருக்களை வாங்கி, இரண்டு பெட்டிகளில் அடுக்கி, இரண்டிலும் தேடி அச்சுக்கோப்பது வீண் உழைப்பு என்ற இந்தச் சிந்தனை, அச்சுக்கோக்கும் மேசையருகே நின்று பழகியவருக்கே எளிதில் தோன்றக்கூடியது. நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் பள்ளி மூடப்பட்டாலும், அங்கே பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்று இந்தக் கல்விமுறையைப் பரப்பினார்கள்.

கல்லச்சின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதும் சரியன்று. சிவகாசியில் இன்று ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களில் கல்லுக்குப் பதிலாக அலுமினியத் தகடு இருக்கிறதே தவிர, எண்ணெயும் நீரும் விலகும் அதே தத்துவந்தான் வேலை செய்கிறது. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளும் அங்கே ரிஜிஸ்டர் சேர்ந்தாக வேண்டும். நான்கு வண்ணமும் கலந்த நிறத்தில் பொடி எழுத்தை அமைத்தால், தகடு இம்மியளவு விலகினாலும் அது மங்கிப்போகும் என்பதைத் திரை காட்டாது. இரண்டு வண்ண லினோகட் ஒன்றைத் தன் கையால் அச்சிட்ட மாணவர் அதை மறக்கமாட்டார். வடிவமைப்புப் பாடம் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் கணினிக்கூடத்துடன் ஒரு சிறிய அச்சுப் பட்டறையையும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது. அதில் பழகிய மாணவர் அடையும் பயன் பெரிது.