காலுக்கேற்ற பூட்ஸ்

மே மாதக் கடைசியில் இமயமலைச் சாரலில் பனி உருகத் தொடங்கியதும், சமவெளியிலிருந்து மலையேறச் செல்வோரின் வரத்தும் தொடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் இத்தடங்களில் பூட்ஸ் அணிந்து நடந்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த விளையாட்டு வேட்டைக்குக் கடிவாளம் விழுந்தது. இப்போது அதே தடங்களில் நடப்பவர்கள் மாணவர்களும், பத்து நாள் விடுமுறை பெற்று வரும் அலுவலர்களும், ஓய்வு பெற்றவர்களுமே. துப்பாக்கி போயிற்று, ஆனால் கால் வலி போகவில்லை.

இவ்வாறு புறப்படுவோர் கூடாரத்தைப் பற்றி யோசிக்கின்றனர். கம்பளி உடை, மருந்து, புகைப்படக் கருவி ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கின்றனர். பூட்ஸை மட்டும் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, கடை மூடும் நேரத்தில் ஓடிப்போய் வாங்குகின்றனர். நாமும் ஒரு முறை அப்படி வாங்கியவரே. ஆதலின் இதைப் பிறர் குறையாகச் சொல்லவில்லை.

நாம் சென்றது குலு பள்ளத்தாக்கையும் லாஹூல் பகுதியையும் இணைக்கும் ஹம்ப்டா கணவாய்க்கு. ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரம். தில்லிக் கடையொன்றில் ஏழாம் எண் பூட்ஸைப் போட்டுப் பார்த்தோம். விரலடிப் பகுதியில் பக்கவாட்டில் இறுக்கியது. எட்டாம் எண்ணும் சற்று இறுக்கமே. ஒன்பதாம் எண்ணில் கால் தாராளமாக நுழைந்தது. மலைக்குத் தளர்வாக இருப்பதே நலம், தடித்த காலுறை இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். காதுக்கு இதமான அந்த வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்தோம்.

முதல் நாள் சிக்கா வரையில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் பாலு கா கேராவுக்கு ஏறும்போதே குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழும்பி இறங்கியது. மாலையில் இரண்டு குதிகால்களிலும் எலுமிச்சம்பழ அளவு கொப்புளம். மூன்றாம் நாள்தான் கணவாயைக் கடக்கும் நாள். இரவுக் குளிரில் இறுகிய பனி வெயிலில் இளகுமுன் மேலே போய்ச் சேரவேண்டும் என்பதற்காக வழிகாட்டி விடியுமுன்னரே கூட்டத்தைக் கிளப்பினார். நம்மால் அந்த வேகத்திற்கு நடக்க இயலவில்லை. கணவாயை அடைந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. நமக்காகப் பின்தங்கி உடன் வந்த நண்பர், இளகிய பனியில் ஒரு கால் இடுப்பளவு புதைந்து முழங்காலைச் சுளுக்கிக்கொண்டார். அவருடைய பூட்ஸ் நல்ல பூட்ஸ். நம் பூட்ஸின் பிழைக்கு அவர் கால் விலை கொடுத்தது. அப்புறம் ஷியா கோருவுக்கு இறங்கும் செங்குத்துச் சரிவில் நம் கால்கள் பூட்ஸுக்குள் முன்னே வழுக்கி, கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துப்போயின என்பதை இங்கே சொல்வதற்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

பிழை எங்கே நிகழ்ந்தது? அகலம் போதாத குறையை நீளத்தைக் கூட்டி ஈடுகட்ட முயன்றதில்தான். நம் நாட்டில் பெரும்பாலோர் இப்பிழையைத் தாமறியாமல் செய்கின்றனர். இதன் காரணம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது.

நாம் கடையில் கேட்கும் ஆறு, ஏழு, எட்டு என்னும் எண்கள் ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. அவர்கள் வாற்கோதுமை மணியின் நீளத்தை, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கை, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியாக வைத்தனர். அது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பியரின் நாற்பது, நாற்பத்தொன்று என்னும் கணக்கில் ஓர் எண்ணின் இடைவெளி சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு கணக்குகளும் நீளத்தையே சொல்கின்றன. எண் ஏறும்போது அகலமும் சிறிது ஏறத்தான் செய்கிறது. ஆயினும் உள்ளங்கால் பரப்பில் கூடும் அகலம் நீளத்தோடு ஒப்பிட மிகச் சொற்பம். இரண்டு எண் ஏறினால் நீளம் பதினேழு மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் கால் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. நடக்கும்போது கால் மடங்குவது விரல்களின் அடிமூட்டில். பூட்ஸும் அதே இடத்தில் மடங்குமாறு செய்யப்படுகிறது. நீளமான பூட்ஸை அணிந்தால் அதன் மடிப்பு நம் மூட்டுக்கு முன்னால் போய்விழுகிறது. கால் ஓரிடத்திலும் தோல் வேறிடத்திலும் மடங்கும்போது குதிகால் மேலெழாமல் என்ன செய்யும்? கடைக்காரர் சொன்ன இரண்டாவது காலுறை இதைத் தீர்க்காது. ஆடும் காலை மெத்தையில் ஆடவைக்கும், அவ்வளவே.

இந்தியர் கால் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலமானது என்று நாம் கூறுவது வெறும் ஊகமன்று. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையில் நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தனர். அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள செருப்புகளையும் பூட்ஸுகளையும் நம்மவர் அணிந்து வருவதற்கு அகலக் குறைவே காரணம் என்பது அந்த ஆய்வில் புலனாயிற்று. அதன் பயனாக இந்தியக் கால்களுக்கென்று ஒரு புதிய அளவு முறை முன்மொழியப்பட்டு, பாரதம் என்னும் பெயரின் முதலெழுத்தால் 'பா' என்றே அழைக்கப்பட்டது. வடக்கத்தியர், தெற்கத்தியர், வடகிழக்கு மலைவாசிகள் என்று இனத்திற்கோர் அளவு வேண்டியிருக்குமோ என்று முதலில் ஐயுற்றவர்கள், எல்லோருக்கும் ஒரே முறை போதும் என்ற முடிவுக்கு வந்தது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஆகவே வாங்கப் போகுமுன் நம் காலை நாமே அளந்துகொள்ளவேண்டும். மாலை நேரத்தில் அளப்பது நலம். பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையில் நாள் முழுதும் நடக்கும் காலும் அப்படித்தான் இருக்கும். நடைக்கு அணியப்போகும் அதே காலுறையை அணிந்து, ஒரு தாளின்மேல் எழுந்து நின்று, பென்சிலை நேராகப் பிடித்து வேறொருவர் சுற்றுக்கோடு வரையட்டும். உட்கார்ந்து வரைந்தால் பயனில்லை. உடலின் பாரம் இறங்கும்போதுதான் கால் தன் உண்மையான அகலத்தைக் காட்டும். இரண்டு கால்களையும் வரையவேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சிறிது பெரிது. பெரிய காலுக்கே பூட்ஸ் வாங்கவேண்டும்.

கடையில் செய்யவேண்டிய முதற் காரியம், பூட்ஸின் உள்ளே கிடக்கும் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நிற்பது. காலின் ஓரம் இருபுறமும் அட்டையைத் தாண்டிப் பிதுங்குமானால், நீளம் எவ்வளவு பொருந்தினாலும் அந்தப் பூட்ஸ் நமக்கன்று. அடுத்த எண்ணைக் கேட்காமல், அதே எண்ணில் அகலமான அச்சில் செய்ததைக் கேட்கவேண்டும். அத்தகையவை கிடைக்கின்றன, நாம் கேட்பதில்லை, அவர்களும் எடுத்துக் காட்டுவதில்லை. அடுத்து, கயிற்றைக் கட்டாமல் காலை முன்னே தள்ளி விரல் நுனியைத் தொடவைத்தால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையவேண்டும். நுழையாவிட்டால் குட்டை, இரண்டு விரல் நுழைந்தால் நாம் வாங்கிய ஒன்பதாம் எண். பின்பு கயிற்றை இறுக்கிக் கட்டி மாடிப்படி ஏறிப் பார்க்கவேண்டும்; குதிகால் நிலையாக நிற்கவேண்டும். படியிறங்கும்போது பாதத்தை முன்னே உதைத்து நின்றால் விரல்கள் முன்சுவரில் இடிக்கலாகாது. இதற்கெல்லாம் அரைமணி நேரமாகும். கடைக்காரர் பொறுமையிழந்தால் இழக்கட்டும்.

அளவுக்கு மிஞ்சிய தளர்ச்சியைக் கண்டு பயந்து இறுக்கமானதைத் தேடிப் போவதும் அபாயமே. நெருக்கிய பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பனியில் நடக்கும்போது விரல்கள் மரத்து, குளிர் தாக்குவது எளிதாகிவிடும். விரல்கள் உள்ளே தாராளமாக அசையவேண்டும். குதிகால் அசையவே கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததுதான் பொருத்தம். ஸ்விட்சர்லாந்தின் மலையேறி ரெய்மண்ட் லம்பேர் 1938-இல் பனித் தாக்குதலால் கால்விரல்களை இழந்தவர். அந்தக் காலுக்கென்றே குட்டையாகச் செய்த பூட்ஸோடு 1952 மே மாதத்தில் டென்சிங்குடன் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரம் வரை ஏறினார்.

பருவத் தொடக்கத்தில் செல்வோருக்குச் சில தனிக் கவலைகள் உண்டு. செப்டம்பரில் உலர்ந்து கிடக்கும் வழி ஜூன் மாதத்தில் பாதி பனியாகவும் பாதி சேறாகவும் இருக்கும். ஓடைகள் உருகுநீரால் பெருகியிருக்கும். நீர் புகாத மெல்லிய உறை வைத்த பூட்ஸ்கள் பனியில் மிக நல்லவை. ஆனால் ஓடையில் இறங்கும்போது வாய்வழியே புகும் நீரை அவ்வுறை வெளியே விடாது. மறுநாளும் ஈரம் உலராது. ஆகவே ஓடையைக் கடக்க ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி தனியே வேண்டும். வெறுங்காலோடு இறங்குவதைப் பலர் வீரமாக எண்ணுகின்றனர். பனிநீரில் உணர்ச்சி இழந்த கால் கூரிய கல்லை அறியாது. பனி வாய்வழியே நுழையாதிருக்க, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கட்டும் துணியுறையும் உதவும். காலுறை கம்பளியாக இருக்கட்டும். நனைந்தாலும் கம்பளி ஓரளவு சூடு காக்கும், பருத்தியோ வியர்வையைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். ஊறிய தோலில் கொப்புளம் எழ வெகுநேரம் ஆகாது. ஓரிடம் சுடுவதுபோல் தோன்றிய உடனே, கூச்சப்படாமல் கூட்டத்தை நிறுத்தி, பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளவேண்டும். ஐந்து நிமிடத் தாமதம் அது.

ஈர பூட்ஸை அடுப்பருகே வைப்பது வழக்கம், அது தவறு. தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்து, தாள் நனைய நனைய மாற்றினால் போதும்.

அடித்தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்காலத்து மலை பூட்ஸ்களின் அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருப்பர். அவை பனியில் பிடித்தன, ஆனால் குளிரையும் காலுக்குக் கடத்தின. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் அறுவரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, பாறையிலும் பனியிலும் பயன்படும் ரப்பர் அடித்தட்டை ஆக்க முனைந்து 1937-இல் வெற்றி கண்டார். இன்று நாம் காணும் பள்ளமும் மேடுமான அடித்தட்டு அதன் வழி வந்ததே. நம் மலைவாசிகளோ வைக்கோலையும் நாரையும் கொண்டே இக்காரியத்தைச் சாதித்தனர். காஷ்மீரத்துப் 'புல்ஹூர்' நெல் வைக்கோலால் பின்னியது. பனியில் வழுக்காது, சீக்கிரம் தேய்ந்தால் வேறொன்று பின்னிக்கொள்வர். இக்காலத்துப் பூட்ஸ்களில் மறைந்துள்ள ஓர் ஆபத்தையும் அறியவேண்டும்: அடித்தட்டின் நடுவே வைக்கும் மெத்தென்ற பாலியூரித்தேன், அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கிப்போகிறது. நண்பரிடம் இரவல் வாங்கிய, புதிதுபோலத் தோன்றும் பழைய பூட்ஸின் அடித்தட்டு மலையில் இரண்டாம் நாளே கழன்று விழுவது இதனால்தான்.

வாங்கியபின் குறைந்தது மூன்று நான்கு வாரம் அதைப் பழக்கவேண்டும். முதலில் வீட்டிற்குள், மண்ணில் படாமல். பொருந்தாவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள அப்போதுதான் இசைவார். பின்பு காலை நடைக்கு. பின்பு முதுகில் பையின் பாரத்தோடு.

மறு ஆண்டு நாம் வாங்கியது ஏழாம் எண், அகலமான அச்சு. பாலு கா கேராவிலிருந்து கணவாய்க்குப் போகும் வழியில் அதே நண்பர் முன்னால் நடந்தார். பொழுது ஏறி பனி இளகுமுன் இருவரும் மேலே நின்றோம். அந்த ஒன்பதாம் எண் பூட்ஸ், நீளக் காலுடைய நம் தம்பிக்குப் போயிற்று. அவனுக்கு அது சரியாகவே இருக்கிறது.