மூடி வைத்த லேப்டாப்பில் சார்ஜ் 'திருட்டு'!

பரண் ஏறிய பெட்டிகளுக்கு லினக்ஸ் வைத்தியம்

"ராத்திரி மூடி வைக்கும்போது முக்கால்வாசி சார்ஜ் இருந்துச்சு. காலையில தொறந்தா செத்துக் கிடக்கு!"

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றியவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் புகார் இது. பூட்டு உடைபடவில்லை. ஆள் நுழையவில்லை. ஆனால் சார்ஜ் மட்டும் மாயம்!

போடி டவுன் என்றால் பிளக்கைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கதையே வேறு. மழையும் காற்றும் சேர்ந்து அடித்து கரண்ட் போனால், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பாட்டரி செத்தால், பதிந்து வைக்காமல் விட்ட ஏலத்தோட்டச் சம்பளக் கணக்கும் போச்சு. கணக்கப்பிள்ளை மறுபடி முதலில் இருந்து கூட்ட வேண்டியதுதான்.

50 லட்சம் பெட்டிகள்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவ-மாணவிகளுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தை அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் சேர்ந்தே இருந்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ!

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய பெட்டியில் முறைப்படி ஏறாது. மிச்சம் இருப்பது காசில்லாத லினக்ஸ்தான்.

யார் அந்தத் திருடன்?

மூடியைச் சாத்தியதும் லேப்டாப் தூங்க வேண்டும். எப்படித் தூங்குவது, எப்படி எழுவது என்பதற்கு 'ஏ.சி.பி.ஐ.' என்று ஒரு விதி உண்டு. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய கம்பெனிகள் சேர்ந்து 1996-ல் வெளியிட்டது. இதற்கான குறிப்பை லேப்டாப் கம்பெனிதான் பெட்டிக்குள் எழுதி வைக்கிறது. பல கம்பெனிகள் விண்டோசில் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு சரி. அதே குறிப்பை லினக்ஸ் படிக்கும்போது தடுக்கி விழுகிறது.

தூக்கத்திலும் 2 ரகம். ஒன்று ஆழ்ந்த தூக்கம். நினைவகத்துக்கு மட்டும் சொட்டுக் கரண்ட் போகும். இன்னொன்று கோழித் தூக்கம்; கண் மூடியிருக்கும், காது விழித்திருக்கும். சார்ஜைத் தின்பது பெரும்பாலும் இந்தக் கோழிதான்!

'சிஸ்' அடைவில் 'பவர்' என்பதற்குள் 'மெம்-ஸ்லீப்' என்ற கோப்பைத் திறந்தால் குட்டு வெளிப்படும். 'டீப்' என்பது பகர அடைப்புக்குள் இருந்தால் ஆழ்ந்த தூக்கம். 'டீப்' இருந்தும் அடைப்பு வேறு சொல்லில் விழுந்திருந்தால், லினக்ஸ் கிளம்பும்போதே 'டீப்' என்று கட்டளை கொடுத்து மாற்றலாம். அந்தச் சொல்லே இல்லையென்றால் பயாசைப் பார்க்க வேண்டும். சில திங்க்பேடுகளில் தூக்கத்துக்கு 'லினக்ஸ்' என்று தனித் தேர்வே உண்டு.

கூட்டாளிகளும் உண்டு. பைக்குள் மவுஸ் அசைந்தாலே பெட்டியை எழுப்பிவிடும்!

கரண்ட் நாள்கணக்கில் போகும் மேட்டுக்கு 'ஹைபர்னேட்' நல்லது. நினைவில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டுப் பெட்டி அணைந்தேவிடும். இதற்கு டிஸ்கில் 'ஸ்வாப்' இடம், நினைவகத்தின் அளவுக்காவது ஒதுக்கியிருக்க வேண்டும். 'செக்யூர் பூட்' போட்டிருந்தால் பல லினக்ஸ்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை.

விரல் காட்டிய தலைவர்

வை-பை வராமல் தவித்தவர்களும் ஏராளம். சில்லுக்குள் ஏற்ற வேண்டிய பர்ம்வேர் இல்லாததே பல நேரம் காரணம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், நிறுவும் கோப்போடு அதையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

கிராபிக்ஸ் சில்லு தகராறு உலகப் பிரசித்தம். 2012-ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில், லினக்சைத் தந்த லைனஸ் டோர்வால்ட்சே என்விடியா கம்பெனிக்கு கேமரா முன்னால் நடு விரலைக் காட்டிவிட்டார்! கர்னலுக்கான டிரைவர் மூலத்தை அந்தக் கம்பெனி வெளியிட 2022 மே வரை ஆனது. அதுவும் புதிய சில்லுகளுக்குத்தான்.

எனவே ஏற்றுவதற்கு முன்பு பென்டிரைவில் இருந்தே லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். வை-பை, சத்தம், வெளிச்சம், மூடி சாத்தினால் தூக்கம் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிடலாம். டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது.

சார்ஜை மிச்சம் பிடிக்க 'டி.எல்.பி.' என்ற இலவச மென்பொருள் உண்டு. ஏற்கனவே 'பவர் புரொபைல்ஸ்' ஓடினால் ஒன்றை நிறுத்திவிட வேண்டும். ஒரே பீட்டில் 2 ஏட்டு நின்றால் இருவருக்கும்தான் சண்டை வரும்.

பாட்டரியே கிழடு தட்டிவிட்டால் எந்த லினக்சும் காப்பாற்றாது. 'யு-பவர்' என்று கேட்டால் புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிடும். பரணில் கிடந்து பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜில் போடக் கூடாது. தீப்பிடிக்கும்.