உறக்கம் விற்கும் குப்பி

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் விடியற்காலையில் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். பூங்காவுக்கு நடக்க வருபவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி காரிலிருந்து இறங்குபவர்கள். முதல் வகையினருக்கு வயது ஏற ஏறத் தூக்கம் குறைகிறது. மற்றவர்கள் தூக்கத்தைச் சம்பளத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள். இருவருக்கும் இன்டர்நெட்டில் வலை விரிக்கிறது ஒரு சின்னக் குப்பி. உள்ளே டி.எஸ்.ஐ.பி. என்ற பெப்டைடு. ஊசியாகப் போட்டுக்கொண்டால் ஆழ்ந்த உறக்கம் நிச்சயம் என்கிறார்கள். லேபிளில் மட்டும் அடக்கமாக, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; புரதத்தின் குட்டித் தம்பி. டி.எஸ்.ஐ.பி.யின் பூர்வீகம் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரம். அங்கே மார்சல் மோனியேயும் குய்டோ ஷோனன்பெர்கரும் முயல்களின் மூளையில் லேசாக மின்சாரம் பாய்ச்சித் தூங்க வைத்தார்கள். தூங்கும் முயலின் மூளையிலிருந்து வரும் ரத்தத்தை வடிகட்டி எடுத்ததை விழித்திருந்த முயல்களின் மூளைக்குள் செலுத்தினார்கள். ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமான, மெதுவாக எழும் டெல்டா அலைகள் அவற்றிலும் தெரிந்தன. 1977இல் அதன் அமைப்பு வெளியானது: மொத்தமே 9 அமினோ அமிலங்கள்.

கதை அங்கேயே தடுமாறியது. இதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுவை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. மூளையில் இது எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பதும் தெரியவில்லை. நாள்பட்ட தூக்கமின்மை கொண்ட 16 பேரிடம் நடந்த சோதனை 1992இல் வெளியானது. பெரிய பலன் எதுவும் இல்லை என்பதுதான் முடிவு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தூக்க மருந்தாக அங்கீகரிக்கவில்லை. குப்பியில் இருப்பது டி.எஸ்.ஐ.பி.தானா, சுத்தமானதா என்பதும் விற்பவருக்கே வெளிச்சம்.

ஆழ்ந்த உறக்கத்தை அளந்து பார்க்கும் இடம் இதே ஊரில் ஓசூர் ரோட்டில் இருக்கிறது: நிம்ஹான்ஸ். தலையில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுவதும் மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். விபாசனா, சுதர்சன கிரியா பயிலும் நடுவயதினரிடம் ஆழ்ந்த உறக்கம் இளைஞர்களுடையதைப் போலவே இருந்ததாகவும், பயிலாதவர்களிடம் அது சரிந்திருந்ததாகவும் 2006இல் இங்குள்ள விஞ்ஞானிகள் எழுதினார்கள். தியானம்தான் காரணமா, நன்றாகத் தூங்குபவர்கள்தான் தியானத்துக்கு வருகிறார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அளவெடுத்தாவது பேசுகிறார்கள்.

தூக்கமில்லை என்று புலம்புபவர்களில் சிலருக்கு உண்மையான தொல்லை, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது. அதைக் கண்டுபிடிக்கவும் இந்த இரவுப் பதிவுதான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு பெப்டைடு ஊசி நிஜமாகவே வந்துவிட்டது. உடல்பருமனுடன் இந்தக் கோளாறும் உள்ளவர்களுக்கு டிர்செபடைடு மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அது தூங்க வைப்பதில்லை, எடையைக் குறைக்கிறது.