உங்களுக்குத் தெரியுமா? ராயபுரம் ஜெராக்ஸும் எண்ணூர்ச் சாம்பலும்

ராயபுரத்தில் ரேஷன் அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்தால் தாள் கையில் வெதுவெதுப்பாக வரும். டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டிய சூடு அது. ஒளி பட்டால் மட்டும் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள உருளைக்கு இருட்டில் மின்னூட்டம் ஏறுகிறது. மூலத் தாளின் வெள்ளையிலிருந்து திரும்பும் ஒளி பட்ட இடத்தில் அது வடிந்துவிடும்; எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கும். தூள் ஒட்டுவது அங்கேதான்.

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியாவில், இந்த நகல்முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சனும் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்தே மின்னேற்றி, முதல் நகலை எடுத்தார்கள். அந்தத் தேதியும் ஊர்ப்பெயரும்தான் அதிலிருந்த எழுத்து. இந்த முறையில் இயங்கும் ‘ஜெராக்ஸ் 914’ நகல் இயந்திரம் விற்பனைக்கு வர மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டில், வடசென்னை அனல்மின் நிலையத்திலும், மின்னூட்டத்தால் தூளைப் பிடிக்கும் இதே வித்தைதான். நிலக்கரிப் புகையில் பறக்கும் சாம்பலுக்கு மின்னூட்டம் கொடுத்து உலோகத் தகடுகளில் பிடிக்கிறார்கள். பிடிபடாத சாம்பல் சுற்றுவட்டார மக்களின் மூச்சுக்காற்றில் கலக்கிறது.