ஷாம்பெயினுக்கு உள்ள வேலி நிக்கோபார் தேங்காய்க்குக் கிடைக்குமா?

புது தில்லி: பிரான்ஸின் வடகிழக்கில் விளையும் திராட்சைக்கும், வங்கக் கடலின் தென்கோடித் தீவுகளில் காய்க்கும் தேங்காய்க்கும் சென்னை கிண்டியில் உள்ள ஒரே அலுவலகத்தில் கோப்புகள் உள்ளன. புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பட்டியலில், "ஷாம்பெயின்' என்ற பெயர் வெளிநாட்டுப் பொருளாக முன்பே இடம்பெற்றுவிட்டது. நிக்கோபார் தேங்காய், அத்தீவு மக்கள் எடுக்கும் தேங்காய் எண்ணெய், "ஹோடி' எனப்படும் மரப்படகு, கைப்பாய் ஆகியவை அண்மையில்தான் அப்பட்டியலில் சேர்ந்தன.

பட்டியல் ஒன்றே எனினும், உலக வர்த்தக விதிகளில் இரண்டுக்கும் உள்ள பாதுகாப்பு ஒன்றல்ல. இந்த வேறுபாடு தில்லியில் கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது.

ஒரு பெயரின் கதை: ஷாம்பெயின் என்பது எல்லா நுரைக்கும் ஒயினுக்கும் உரிய பொதுப்பெயர் அன்று. ஏறத்தாழ 34 ஆயிரம் ஹெக்டேர் பரப்புள்ள, எல்லை வரையறுக்கப்பட்ட திராட்சைத் தோட்டங்களில் விளைந்தால் மட்டுமே அப்பெயர் கிட்டும். சுண்ணாம்பு மண்ணும் குளிர்ந்த வானிலையும் பழத்தில் புளிப்பைத் தக்கவைக்கின்றன. ஷார்டொனே, பினோ நுவார், மூனியே ஆகிய மூன்றே அங்கு முதன்மையான திராட்சை வகைகள். பழங்களைக் கையால்தான் பறிக்க வேண்டும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே பிழியலாம்.

முதல் நொதித்தலுக்குப் பிறகு, ஒயினுடன் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கின்றனர். மூடிய புட்டிக்குள் மீண்டும் நொதிக்கும்போது உண்டாகும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைகிறது. திறந்த பானையில் கள் நுரைப்பதும் இதே வினைதான்; அங்கு வாயு காற்றில் கலந்துவிடுகிறது.

புட்டியில் அடைத்தபின் குறைந்தது 15 மாதங்களும், ஒரே ஆண்டு அறுவடையில் உருவானதாக அறிவிக்கப்படும் ஒயினுக்கு 3 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். பிறகு புட்டியைச் சிறிது சிறிதாகச் சுழற்றித் தலைகீழாக்கி, கழுத்தில் சேரும் ஈஸ்ட் கசடை வெளியேற்றுகின்றனர். இறுதியில் சேர்க்கும் இனிப்பைப் பொருத்து வகை பிரிக்கப்படுகிறது. லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை இருந்தால் "பிரூட்', 50 கிராமைத் தாண்டினால் "டூ'. கிராமங்களுக்கும் தரவரிசை உண்டு. 17 கிராமங்கள் மட்டுமே "கிராண்ட் க்ரூ' என்ற உச்சத் தகுதி பெற்றவை.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. வெளியூர்த் திராட்சையைக் கலப்பதாகக் கொதித்தெழுந்த விவசாயிகள் 1911-இல் கலவரத்தில் இறங்கினர். 1927-இல் எல்லையும் விதிகளும் சட்டமாயின. 1941-இல் விவசாயிகளும் ஒயின் நிறுவனங்களும் சமமாக இடம்பெறும் கூட்டுக் குழு அமைந்தது. உலகெங்கும் அப்பெயருக்காக வழக்காடுவது இக்குழுவே.

இந்தியாவிலும் நுரைக்கும் ஒயினுக்குப் புதிய பெயர்கள் தோன்றின. மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் 1980-களில் தயாரான ஒயின், "ஓமர் கய்யாம்' என்ற பெயரில் ஏற்றுமதியானது. பின்னர் நாசிக் வட்டாரம் தலையெடுத்தது. "நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' இன்று தனிப் புவிசார் குறியீடு.

இரண்டு நீதி: உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் 22-ஆவது விதி எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. அதன்படி, பெயரால் மக்கள் ஏமாற்றப்படுவதாகக் காட்ட வேண்டும். 23-ஆவது விதி ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டுமே உரியது. "ஷாம்பெயின் போன்றது', "ஷாம்பெயின் வகை' என்று எழுதுவதையும் அது தடுக்கிறது. யாரும் ஏமாந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை.

இந்தக் கூடுதல் பாதுகாப்பைப் பிற பொருள்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று 2001-இல் தொடங்கிய தோஹா சுற்றுப் பேச்சில் இந்தியா வலியுறுத்தியது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் எதிர்த்தன. பேச்சு முடிவின்றி நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2022-இல் வர்த்தகப் பேச்சு மீண்டும் தொடங்கியபோது, புவிசார் குறியீடுகளுக்கெனத் தனிப் பேச்சு ஏற்படுத்தப்பட்டது.

உள்நாட்டைப் பொருத்தவரை, தில்லி பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டின் இந்தியப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, தான் தேர்ந்தெடுக்கும் பொருள்களுக்குக் கூடுதல் பாதுகாப்பை அறிவிக்கை மூலம் வழங்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

தோப்பும் தீவும்: நிக்கோபாரில் தென்னை வெறும் பயிரன்று. தோப்புகள் "துஹெட்' எனப்படும் கூட்டுக் குடும்பங்களின் உடைமை. கொப்பரையே நெடுங்காலமாக வெளியுலகத்துடன் வணிகப் பாலம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தப் பாலம் முறிந்தது. பல இடங்களில் நிலமே தாழ்ந்து தோப்புகள் கடலுக்குள் போயின. 2001-இல் 42,068 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 36,842 ஆகக் குறைந்தது. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எனவே, குறியீடு கிடைத்தது ஆறுதலே. ஆனால், பதிவு என்பது முதல் படி மட்டுமே. ஒவ்வொரு குடும்பமும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற வேண்டும். எந்தத் தீவின் காய், எப்படி எடுத்த எண்ணெய் என்று சோதிக்க ஓர் அமைப்பு வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சந்தையில் போலி வந்தால் வழக்காடப் பணம் வேண்டும். ஷாம்பெயின் விவசாயிக்கு இவற்றையெல்லாம் செய்ய அவருடைய குழு இருக்கிறது. குமரி மாவட்டத்தின் ஈத்தாமொழி நெட்டைத் தென்னை உள்பட குறியீடு பெற்ற நம் பொருள்கள் பலவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

அந்தமான்-நிகோபாருக்குச் சட்டப்பேரவை இல்லை. மாநிலங்களவையில் இடமும் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். இந்நிலையில் தீவு மக்களின் கோரிக்கையைச் சுமக்க வேண்டிய மன்றம் நாடாளுமன்றமே. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் அமைக்கும் பெருந்திட்டம் விவாதிக்கப்படும் காலத்தில், இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. புவிசார் குறியீடு என்பது பெயரை மண்ணோடு சேர்த்துக் கட்டும் சட்டம். மண்ணும் அதை உழுபவரும் இடம்பெயர்ந்தால், கிண்டியில் இருக்கும் கோப்பு மட்டும் எதையும் காப்பாற்றாது.